மஞ்சள் பால் மூளை வரை போகுமா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் மறதி நோய் பற்றி வந்த கட்டுரைக்கு நிறையக் கடிதங்கள். பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: இன்ன மூலிகை மூளையில் திரண்டு கிடக்கும் புரதத்தைக் கரைக்குமாமே, கொடுக்கலாமா? அதனால் மற்ற கேள்விகளை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மாமியாருக்கு 72 வயது. அல்சைமர் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மஞ்சளில் உள்ள குர்குமின் மூளையில் படியும் அமிலாய்டைக் கரைத்துவிடும், மிளகு சேர்த்தால் 2000 சதவீதம் கூடுதலாக வேலை செய்யும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. தினமும் பாலில் கலந்து கொடுக்கிறேன். அளவைக் கூட்டலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: சமையலில் போடுகிற அளவு என்றால் தாராளமாகக் கொடுங்கள். கூட்ட வேண்டாம். இதனால் அவருக்கு நினைவு திரும்பும் என்று காத்திருக்கவும் வேண்டாம், ஏனென்றால் அப்படிக் காத்திருக்கும்போதுதான் "இது போதுமே" என்று மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தத் தோன்றும்.

உங்களுக்கு வந்த செய்தி முழுப்பொய் கிடையாது, அதனால்தான் அதை மறுத்துச் சொல்வது கஷ்டமாக இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கிரெக் கோல் குழுவினர் 2005ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குர்குமின் அமிலாய்டு பீட்டா என்ற புரதம் திரள்வதைச் சோதனைக்குழாயில் தடுத்தது. அல்சைமர் போன்ற நோய் வரும்படி மரபணு மாற்றிய எலிகளின் மூளையில் படிவுகளையும் குறைத்தது. நல்ல ஆய்வுதான். ஆனால் வாட்ஸ்அப் செய்தி அங்கேயே நின்றுவிடுகிறது, அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வதில்லை.

அப்புறம் மனிதர்களிடம் பார்த்தார்கள். ஹாங்காங்கில் 34 அல்சைமர் நோயாளிகளைச் சேர்த்து 6 மாதம், சிலருக்குத் தினம் 1 கிராம், சிலருக்கு 4 கிராம் குர்குமின், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. 2008ல் முடிவு வந்தது: வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட முன்னேற்றம் ஒன்றும் தெரியவில்லை. எலி ஆய்வு நடந்த அதே பல்கலைக்கழகத்தில் 36 பேரிடம் 24 வாரம் பார்த்தார்கள், 2012ல் வந்த அந்த முடிவும் அப்படியே. ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் குர்குமின் இருந்ததே மிக மிகக் கொஞ்சம். அது தண்ணீரில் கரையாது, குடல் சரியாக உறிஞ்சாது, உறிஞ்சிய கொஞ்சத்தையும் குடல் சுவரும் கல்லீரலும் உடனுக்குடன் வேறு பொருளாக மாற்றி வெளியே தள்ளிவிடும். இத்தனையும் தாண்டி மிஞ்சுவது, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கிற தடுப்பையும் கடந்தாக வேண்டும்.

அளவைப் பற்றிக் கேட்டீர்கள் இல்லையா, ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மஞ்சள்தூளின் எடையில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். அந்த ஆய்வுகளில் கொடுத்த 4 கிராம் குர்குமின் வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு 130 கிராமுக்கு மேல் தூள் சாப்பிட வேண்டும். அந்த அளவுக்கே பலன் தெரியவில்லை எனும்போது பாலில் கால் ஸ்பூனை அரை ஸ்பூனாக்குவதில் என்ன வந்துவிடப் போகிறது?

மிளகு விஷயம் நம் பக்கத்திலேயே நடந்த ஆய்வு. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்தது, 1998ல் வெளியானது. 2 கிராம் குர்குமினோடு மிளகில் உள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த குர்குமின் 20 மடங்கானது. அந்த 2000 சதவீதம் இங்கிருந்து வந்ததுதான். ஆனால் பைப்பரின் இல்லாமல் கொடுத்தபோது ரத்தத்தில் கண்டுபிடிக்கவே முடியாத அளவு அல்லது மிகக் குறைந்த அளவுதான் இருந்தது, இல்லாததை 20 மடங்காக்கினாலும் கொஞ்சமாகத்தான் இருக்கும். அதுவும் மாத்திரை போட்ட முதல் ஒரு மணி நேரத்தில் தெரிந்த உயர்வு. மூளைக்குள் எவ்வளவு போனது என்பதை அந்த ஆய்வு பார்க்கவில்லை.

பைப்பரின் இதை எப்படிச் செய்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும், உங்கள் மாமியாருக்கு இதுதான் முக்கியம். வெளிப்பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல், குடல் நொதிகளை அது மந்தப்படுத்துகிறது. குர்குமினுக்கு மட்டும் மந்தப்படுத்து, மற்றதை விட்டுவிடு என்று அதற்குத் தெரியாது. வலிப்புக்குக் கொடுக்கும் பெனிட்டாயின் ரத்தத்தில் கூடுவதை நம் நாட்டு ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. ரசத்தில் போடுகிற மிளகுக்காகப் பயப்பட வேண்டாம், கடையில் "குர்குமின் பிளஸ் பைப்பரின்" என்று விற்கிற கேப்சூலுக்குத்தான் இந்த எச்சரிக்கை. அப்படிப்பட்ட வீரியம் கூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறார்கள். வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை போடுகிறவர் என்றால் மருத்துவரைக் கேட்காமல் அந்த கேப்சூலைத் தொடவே கூடாது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எளிதாக உறிஞ்சும்படி தயாரித்த ஒரு வகைக் குர்குமினை 90 மில்லிகிராம் வீதம் தினம் இரண்டு வேளை, 18 மாதம், மறதி நோய் இல்லாத 40 பேரிடம் சோதித்ததில் நினைவாற்றல் தேர்வுகளில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்ததாக 2018ல் ஓர் ஆய்வு வந்தது. மொத்தமே 40 பேர், அதிலும் நோய் இல்லாதவர்கள். பெரிய ஆய்வு ஒன்று அதை உறுதி செய்தால் நானே முதல் ஆளாக இங்கே எழுதுவேன்.

"மஞ்சள் சாப்பிடும் இந்தியாவில் அல்சைமரே குறைவு" என்பது இன்னொரு வாதம். ஹரியானாவில் பல்லப்கர் கிராமப்பகுதியில் நடந்த ஆய்வு ஒன்றில் நோய் குறைவாகத் தெரிந்தது உண்மை. அதற்கு மஞ்சள்தான் காரணம் என்று அந்த ஆய்வால் சொல்ல முடியாது. நோய் வந்தவர்கள் சீக்கிரம் இறந்துபோனாலும் கணக்கில் நோய் குறைவாகத்தான் தெரியும். 2023ல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா, அதாவது அல்சைமரும் சேர்ந்த மறதி நோய்கள், இருக்கிறது. எல்லோரும் மஞ்சள் போட்ட குழம்பு சாப்பிட்டவர்கள்தானே.

கடைசியாக, நீங்கள் மஞ்சள் ஊரில் இருக்கிறீர்கள், விரலி மஞ்சளை வாங்கி நீங்களே அரைத்துக்கொள்ளுங்கள். வங்கதேசத்தில் பளிச்சென்ற நிறத்துக்காக ஈயம் கலந்த லெட் குரோமேட் சாயத்தை மஞ்சளில் சேர்த்தது 2019ல் வெளிச்சத்துக்கு வந்தது. அங்கே அரசு கடுமையாக இறங்கி அதைத் தடுத்தது. ஈயம் மூளையைக் கெடுக்கும் நஞ்சு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மூளைக்கு நல்லது என்று கொடுக்கிற பொருளில் அது வந்துவிடக் கூடாது.

கேள்வி: நான் உயிர்வேதியியல் முதலாண்டு மாணவன். புரதம் ஏன் திரள்கிறது? பார்க்கின்சன், அல்சைமர் எல்லாவற்றுக்கும் ஒரே புரதமா? அந்தத் திரளைக் கரைத்தால் நோய் தீர்ந்துவிடாதா?
– மாணவர், மதுரை

பதில்: நல்ல கேள்வி தம்பி, மூன்றாவதில்தான் விஷயமே இருக்கிறது.

புரதம் என்பது அமினோ அமிலங்களின் நீண்ட சங்கிலி, அது சரியான வடிவில் மடிந்தால்தான் வேலை செய்யும். வயது, மரபணுப் பிழை, செல்லின் கழிவகற்றும் அமைப்பு தளர்வது என்று ஏதோ ஒரு காரணத்தால் மடிப்பு தவறினால், உள்ளே மறைந்திருக்க வேண்டிய ஒட்டும் பகுதிகள் வெளியே வரும். அப்படிப்பட்ட இரண்டு மூன்று சேர்ந்து ஒட்டி, தட்டையாக அடுக்கி, கடைசியில் இழையாக நீளும். தவறாக மடிந்த ஒன்று பக்கத்தில் இருக்கும் நல்லதையும் தன் வடிவத்துக்கு இழுத்துவிடும், ஒரு துளி மோர் பால் முழுவதையும் உறைய வைப்பதுபோல. இப்படி வடிவத்தாலேயே பரவும் புரதத்துக்கு 1982ல் பிரையான் என்று பெயர் வைத்த ஸ்டான்லி புருசினர் 1997ல் நோபல் பரிசு வாங்கினார். அல்சைமரும் பார்க்கின்சனும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிற நோய்கள் அல்ல, ஆனால் மூளைக்குள் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குத் திரள் பரவும் விதம் ஏறக்குறைய இதே மாதிரிதான்.

புரதம் ஒன்றல்ல. அலாய்ஸ் அல்சைமர் 1906ல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரக் கூட்டத்தில் விவரித்த மூளையில் இரண்டு இருந்தன: செல்லுக்கு வெளியே படிந்தது அமிலாய்டு பீட்டா, உள்ளே முறுக்கிக் கிடந்தது டாவ். அந்தப் புரதங்கள் இன்னவை என்று தெரிய இன்னும் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. பார்க்கின்சனில் ஆல்ஃபா சினுக்ளின். பிரெடரிக் லூயி 1912ல் கண்ட உருண்டைகள் அதனால் ஆனவை என்பது 1997ல்தான் தெரிந்தது. பரம்பரையாக வரும் ஹன்டிங்டன் என்ற மூளை நோயில் ஹன்டிங்டின், தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் அழிகிற ஏஎல்எஸ் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு டிடிபி 43.

அப்புறம் உங்கள் மூன்றாவது கேள்வி. கண்ணுக்குத் தெரிகிற பெரிய திரளைவிட, அது உருவாகும் வழியில் வருகிற சின்னச் சின்னக் கொத்துகள்தான் நரம்பு செல்லுக்கு அதிக நஞ்சு என்று நிறைய ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால் பெரிய திரளை உடைப்பது சில சமயம் சின்னக் கொத்துகளைக் கூட்டிவிடலாம். சரி, சுத்தமாக நீக்கிவிட்டால்? லெக்கனமாப் என்ற ஊசி மருந்து அமிலாய்டு படிவை உண்மையாகவே நீக்குகிறது, படமெடுத்துப் பார்த்தால் தெரிகிறது. ஆரம்ப நிலையில் இருந்த 1795 பேரிடம் 18 மாதம் சோதித்ததில் நோய் முற்றும் வேகம் 27 சதவீதம் குறைந்தது. குறைந்ததே தவிர நிற்கவில்லை, இழந்தது திரும்பவில்லை, சிலருக்கு மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் வந்தது. 2023ல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற மருந்தின் கதை இது. படிவை நிச்சயமாக நீக்கும் ஒன்றுக்கே பலன் இவ்வளவுதான் என்றால், மூளை வரை போகிறதா என்றே தெரியாத ஒரு கஷாயத்திடம் எவ்வளவு எதிர்பார்ப்பது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம், மற்ற வாசகர்களுக்கும் சேர்த்து. புரதம் திரள்கிறது என்றதும் பருப்பையும் முட்டையையும் நிறுத்திவிட்டதாக ஒரு கடிதம் வந்திருக்கிறது. தயவுசெய்து நிறுத்தாதீர்கள். சாப்பிடுகிற புரதம் வயிற்றிலேயே துண்டு துண்டாகச் செரித்துவிடும். இது மூளை செல்கள் தாமே செய்கிற வேறு புரதம். வயதானவர்கள் பருப்பை நிறுத்தினால் தசைதான் கரையும்.

கேள்வி: நான் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். சோதனைக்குழாயில் நிரூபித்த பிறகும் நம் மூலிகையை நம்ப மறுப்பது மருந்துக் கம்பெனிகளின் சூழ்ச்சி இல்லையா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. காப்புரிமை எடுக்க முடியாத பொருளில் கம்பெனிகள் பணம் போட மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் ஹாங்காங்கிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் குர்குமினைச் சோதித்தவர்கள் அது ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள்தான்.

"சோதனைக்குழாயில் நிரூபித்த" என்பதை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், ஐயா. திரள் இருக்கிறதா இல்லையா என்று ஆய்வகத்தில் எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? பெரும்பாலும் தயோஃபிளேவின் டி என்ற சாயத்தைச் சேர்க்கிறார்கள். அது அமிலாய்டு இழையில் ஒட்டினால் நன்றாக ஒளிரும். மூலிகைப் பொருளைப் போட்டதும் ஒளி குறைந்தால் "திரள் கரைந்தது" என்று எழுதுவார்கள். ஆனால் குர்குமினே மஞ்சள் நிறப் பொருள். அந்தச் சாயம் எந்த ஒளியை வாங்கி எந்த ஒளியை விடுகிறதோ ஏறக்குறைய அதே பகுதியில் குர்குமினும் ஒளியை வாங்கும், விடும். இழையில் அதே இடத்தில் போய் ஒட்டிச் சாயத்தைத் தள்ளியும் விடலாம். அப்போது திரள் அப்படியே இருக்க, ஒளி மட்டும் குறையும். மின்னணு நுண்ணோக்கியில் இழைகள் உண்மையாகவே குறைந்தனவா என்று பார்த்த ஆய்வை நம்பலாம், சாயத்தை மட்டும் நம்பிய ஆய்வைச் சந்தேகப்பட வேண்டும்.

குர்குமின் இப்படிப் பலவகைச் சோதனைகளில் பொய்யான "ஆம்" காட்டுகிற பொருள் என்றும், 120க்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகள் நடந்தும் யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பது யாருக்கும் தெரியாதபடி முறையாக நடத்திய ஒன்றில்கூட அது தெளிவாக ஜெயிக்கவில்லை என்றும் 2017ல் வேதியியலாளர்கள் சிலர் விரிவாக எழுதினார்கள். கடுமையான கட்டுரைதான், எல்லோரும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆய்வுகளின் தரம் பற்றிய பேச்சு மாறியது, அது நல்லது.

இன்னொன்று, சோதனைக்குழாயில் அளவை நாம் விருப்பம்போல வைத்துக்கொள்ளலாம். அங்கே வேலை செய்யத் தேவைப்படுகிற செறிவு ரத்தத்தில் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக இருப்பது சாதாரணம். "கரைத்தது" என்று யாராவது சொன்னால் எங்கே கரைத்தது, எவ்வளவு போட்டபோது கரைத்தது என்று கேளுங்கள். நீங்கள் மருந்தாளுநர், உங்களுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை.

கேள்வி: அப்பாவுக்குப் பார்க்கின்சன் இருந்தது. எனக்கு வரக்கூடாது என்று கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் கேப்சூல் எடுக்கலாம் என்றிருக்கிறேன். அதில் உள்ள ஈஜிசிஜி ஆல்ஃபா சினுக்ளினைத் திரளவிடாது என்று படித்தேன்.
– ஒரு வாசகர், சென்னை

பதில்: டீயாகக் குடியுங்கள், கேப்சூல் வேண்டாம்.

தாவரப் பொருள்களிலேயே இந்தத் துறையில் மிக நேர்த்தியான ஆய்வு நடந்தது ஈஜிசிஜியில்தான் என்பது என் கருத்து. பெர்லினில் உள்ள மேக்ஸ் டெல்ப்ரூக் மையத்தில் எரிக் வாங்கர் குழுவினர் முதலில் ஹன்டிங்டினில் பார்த்தார்கள். பிறகு 2008ல், ஆல்ஃபா சினுக்ளினும் அமிலாய்டு பீட்டாவும் ஈஜிசிஜி ஒட்டியதும் இழையாகும் பாதையை விட்டு விலகி, நஞ்சில்லாத உருண்டைகளாகச் சேர்கின்றன என்று காட்டினார்கள். திரள்வதைத் தடுக்கவில்லை, வேறு விதமாகத் திரளும்படி திருப்பிவிட்டது. மேலே மதுரை மாணவருக்குச் சொன்ன சின்னக் கொத்துப் பிரச்சினைக்கு இது சரியான விடையாகத் தெரிந்தது.

ஜெர்மனியிலேயே மனிதச் சோதனைக்கும் போனார்கள். பார்க்கின்சனுக்கு நெருங்கிய, அதைவிட வேகமாக முற்றுகிற மல்டிபிள் சிஸ்டம் அட்ராஃபி என்ற நோயிலும் ஆல்ஃபா சினுக்ளின்தான் திரள்கிறது. அந்த நோயாளிகள் 92 பேரிடம், பாதிப்பேருக்கு ஈஜிசிஜி, பாதிப்பேருக்கு வெற்று மாத்திரை என்று 48 வாரம். 2019ல் முடிவு வந்தது. நோய் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முற்றியது, ஈஜிசிஜி எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்து நிறுத்த வேண்டியதாயிற்று. இந்த முடிவைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது, அவ்வளவு ஒழுங்காகக் கட்டிய ஆராய்ச்சி அது. தோற்றாலும் முடிவை மறைக்காமல் வெளியிட்டதற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல் சொன்னது: மாத்திரை வடிவில் ஒரு நாளைக்கு 800 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் ஈஜிசிஜி எடுத்தால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிகின்றன. சாதாரணமாகப் போட்டுக் குடிக்கிற டீயில் பொதுவாக அந்தக் கவலை இல்லை. அப்பாவுக்கு இருந்தது என்பதாலேயே உங்களுக்கு வரும் என்றும் இல்லை, பார்க்கின்சன் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அது குடும்ப வழியாக வருவதில்லை. உடற்பயிற்சியை விடாமல் செய்யுங்கள்.

கேள்வி: பூனைக்காலி விதை பார்க்கின்சனுக்கு நல்லது என்கிறார்கள். என் கணவருக்கு மாத்திரையை நிறுத்திவிட்டு அதையே கொடுக்கலாமா? அது திரளைக் கரைக்குமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: நிறுத்தவே நிறுத்தாதீர்கள். பார்க்கின்சன் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

பூனைக்காலி வேலை செய்யும் என்பது உண்மை, ஆனால் திரளைக் கரைத்து அல்ல. அந்த விதையில் லெவோடோபா இருக்கிறது, பார்க்கின்சனில் மூளைக்குக் குறைந்துபோகிற டோபமின் என்ற பொருளாக மாறுவது அதுதான், உங்கள் கணவர் போடுகிற மாத்திரையிலும் பெரும்பாலும் அதுவேதான் இருக்கும். அதை இந்த விதையிலிருந்து பிரித்தெடுத்து 1937ல் வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேலை செய்த தாமோதரனும் ராமசாமியும். லெவோடோபா பார்க்கின்சனுக்கு மருந்தாக நிலைபெற்றது 1960களின் கடைசியில்தான், அதற்கு 30 வருடம் முன்பே நம் ஊரில் அதைக் கண்ணாடிக் குடுவையில் எடுத்து வைத்திருந்தார்கள். இது பாடப்புத்தகத்தில் வர வேண்டிய செய்தி.

மாத்திரையில் லெவோடோபாவோடு கார்பிடோபா என்று இன்னொன்றும் இருக்கும். லெவோடோபா மூளைக்குப் போய்ச் சேரும் முன்பே டோபமினாக மாறிவிடாமல் அது பார்த்துக்கொள்கிறது, அதனால் கொஞ்ச அளவே போதும், குமட்டலும் குறையும். விதையில் அது இல்லை. விதைக்கு விதை லெவோடோபா அளவும் மாறும். 2018ல் வெளியான ஒரு சிறு ஆய்வில் 14 நோயாளிகளுக்குப் பூனைக்காலித் தூளைத் தினமும் கொடுத்துப் பார்த்தபோது, வயிற்றுத் தொல்லையாலோ நடமாட்டம் மோசமானதாலோ பாதிப்பேர் நடுவில் விலகிவிட்டார்கள். மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தாலும் பிரச்சினை, ஒரே மருந்து இரண்டு மடங்கு போன கணக்கு: கைகால் தானாக ஆடுவது, இல்லாத ஆள் நிற்பதாகத் தெரிவது, எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றி விழுவது. வீட்டில் ஏற்கெனவே தூள் இருக்கிறது, கொடுத்தும் வருகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அவர் திட்டினாலும் பரவாயில்லை.

கேள்வி: அமுக்கரா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: 2012ல் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தின் ஆய்வு ஒன்று, விஜயலட்சுமி ரவீந்திரநாத் குழு செய்தது: அமுக்கரா வேரின் சாறு கொடுத்த எலிகளின் மூளையில் அமிலாய்டு குறைந்தது. அது மூளைக்குள் போய்க் கரைக்கவில்லை, கல்லீரலில் ஒரு புரதத்தைக் கூட்டி, ரத்தத்தின் வழியாக அமிலாய்டை வெளியே இழுத்தது. மிக அழகான யோசனை. எலியோடு நிற்கிறது, மனிதர்களிடம் இதைக் காட்டிய பெரிய ஆய்வு வரவில்லை. கல்லீரல் நோய் இருப்பவர்கள், தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

கேள்வி: வீட்டில் முள் சீத்தா மரம் இருக்கிறது. இலையைக் கஷாயம் போட்டுக் குடித்தால் புற்றுநோயிலிருந்து நரம்பு வரை எல்லாவற்றுக்கும் நல்லது என்று தினமும் குடிக்கிறோம். இயற்கைப் பொருள்தானே?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: தினமும் குடிப்பதை நிறுத்திவிடுங்கள். இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு நிம்மதி, ஏனென்றால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கரீபியன் கடலில் குவாதலூப் என்ற பிரெஞ்சுத் தீவு. அங்கே பார்க்கின்சன் மாதிரியான நோய் வழக்கத்தைவிட அதிகமாகவும், வழக்கமில்லாத வடிவத்திலும் இருப்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள், நிறையப் பேருக்கு லெவோடோபா கேட்கவே இல்லை. 1999ல் வெளியான ஆய்வு, அவர்களில் பலர் முள் சீத்தாப் பழமும் இலைக் கஷாயமும் வழக்கமாகச் சாப்பிடுகிறவர்கள் என்று காட்டியது. அந்தச் செடியில் அன்னோனசின் என்ற பொருள் இருக்கிறது, அது செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவை முடக்கும். எலிகளுக்குக் கொடுத்தபோது மூளை செல்கள் அழிந்தன, வளர்ப்புச் செல்களில் டாவ் புரதம் இடம் மாறிச் சேர்ந்தது. தீவில் இறந்துபோன சில நோயாளிகளின் மூளையிலும் டாவ் திரண்டிருந்தது. மனிதர்களில் இதுதான் காரணம் என்று முழுதாக நிரூபணம் ஆகவில்லை, ஆனாலும் இவ்வளவு தெரிந்த பிறகு தினம் ஒரு டம்ளர் குடிக்க நான் சொல்ல மாட்டேன். எப்போதாவது ஒரு பழம் சாப்பிட்டதற்காகப் பயந்து நடுங்க வேண்டாம்.

இதே வகையில் இன்னொன்று ரோட்டினோன். டெரிஸ் போன்ற செடிகளின் வேரில் கிடைக்கிறது, மீன் பிடிக்கவும் பூச்சிகொல்லியாகவும் பயன்பட்டது. எலிகளுக்கு அதைத் தொடர்ந்து செலுத்தினால் ஆல்ஃபா சினுக்ளின் திரண்டு பார்க்கின்சன் மாதிரி நோய் வருகிறது என்று 2000ல் கண்டார்கள். இன்றைக்கும் ஆய்வகங்களில் எலிக்குப் பார்க்கின்சன் வரவைக்க ஒரு வழி அதுதான். திரளைத் தடுக்கிற பொருள் செடியில் இருக்கும்போது, திரளை உண்டாக்குகிற பொருளும் செடியில்தான் இருக்கிறது.

கேள்வி: எல்லாவற்றையும் இல்லை இல்லை என்கிறீர்கள். செடியிலிருந்து இந்த நோய்களுக்கு ஒன்றுமே வரவில்லையா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: வந்திருக்கிறதே. லெவோடோபாவை மேலேயே சொன்னேன். அல்சைமருக்கு இன்று எழுதப்படுகிற கேலன்டமின், ஸ்னோடிராப் என்ற சின்ன வெள்ளைப் பூச்செடியில் கண்டுபிடித்தது, பல்கேரியாவில் 1950களில் மருந்தாக்கத் தொடங்கினார்கள், டாஃபடில் செடியிலிருந்தும் எடுக்கிறார்கள். ரிவாஸ்டிக்மின் என்ற மாத்திரைக்கு மூலம் மேற்கு ஆப்பிரிக்காவின் காலபார் அவரையில் உள்ள ஒரு நஞ்சு. இரண்டும் திரளைத் தொடுவதில்லை, நினைவுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் சீக்கிரம் சிதையாமல் பார்த்துக்கொள்கின்றன, கொஞ்ச காலத்துக்கு உதவுகின்றன.

திரளைத் தொடுகிற வேலையில் எனக்கு நம்பிக்கை தருவது 2022ல் லாஸ் ஏஞ்சலிஸில் டேவிட் ஐசன்பர்க் குழு செய்தது. அல்சைமரில் இறந்தவர்களின் மூளையிலிருந்து எடுத்த டாவ் இழையில் ஈஜிசிஜி எந்த இடத்தில் போய் உட்கார்ந்து பிரிக்கிறது என்று அணு அளவில் படம் எடுத்தார்கள். ஈஜிசிஜி மூளைக்குள் சரியாகப் போகாது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் அதே இடத்தில் உட்காரக்கூடிய, மூளைக்குள் போகக்கூடிய வேறு மூலக்கூறுகளைக் கணினியில் தேடினார்கள், சில கிடைத்தன, சோதனைக்குழாயில் இழையைப் பிரிக்கவும் செய்தன. மருந்தாக நீண்ட தூரம் இருக்கிறது. ஆனாலும் செடியிடம் கேட்க வேண்டிய சரியான உதவி இதுதான் என்று நினைக்கிறேன்: எங்கே பிடிக்க வேண்டும் என்று அது காட்டுகிறது, போய்ச் சேர்கிற வழியை நாம் கண்டுபிடிக்கிறோம்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் ஓர் இடத்தில், புரதத்தைக் கரைக்கும் மூலிகை மருந்து, "ஆராய்ச்சியில்" அம்மாவைச் சேர்க்கலாம் என்று முன்பணம் கேட்கிறார்கள். சேர்க்கலாமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: பணம் கேட்டார்கள் என்ற ஒன்றே போதும், சேர்க்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி, ஆராய்ச்சிக்காகச் செய்யும் எதற்கும் பங்கேற்பவரிடம் பணம் வாங்கக் கூடாது. அதனால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும்.

உண்மையான ஆராய்ச்சி என்றால் அது இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகத்தில், அதாவது சிடிஆர்ஐயில் பதிவாகியிருக்கும், சித்தா, ஆயுர்வேத மருந்துச் சோதனைகளும் அங்கே பதிவாகின்றன. பதிவு எண்ணைக் கேளுங்கள், அந்த இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். நெறிமுறைக் குழு அனுமதிக் கடிதத்தையும், தமிழில் எழுதிய ஒப்புதல் படிவத்தையும் கேளுங்கள். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள், உண்மையானவர்கள் சம்மதிப்பார்கள். அம்மாவுக்கு இன்னும் புரிந்துகொள்ள முடிகிறது என்றால் அவரையும் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இப்போது போடுகிற மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்களா என்பதையும் பாருங்கள், நிறுத்தச் சொன்னால் வழக்கமாகப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரிடம் முதலில் அந்தப் படிவத்தைக் காட்டிவிடுங்கள்.